பேங்க்ல போடு

பேக்கரியில் எல்லோரும் அவளை 'கேக்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்கு மட்டும் அவள் வெறும் 'ஏய்'. கேக்குக்குப் பேர் வாங்கியது அவர், அடுப்பில் வெந்தது இவள். சூட்டுத்தட்டு பட்டுப் பட்டு முழங்கைவரை கோடு கோடாகத் தழும்பு. இந்த ஆளிடம் இனிக் குப்பை கொட்ட முடியாது, சொந்தமாக ஒரு கடை போட்டே தீருவது என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடையும் பார்த்துவிட்டாள். "மாசக் கடைசிக்குள்ள அட்வான்ஸ் குடுத்துடும்மா, வேற ஆளுங்களும் கேக்குறாங்க" என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

அந்தப் பணம் இருந்தது தம்பியின் கையில். அதுதான் வினை. தம்பி ஆபீசில் உட்கார்ந்து செல்போனில் ஷேர் விலை பார்க்கிற உத்தியோகஸ்தன். ஒன்றிரண்டு லாபம் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "சும்மா தூங்குற காச சோலார்ல போடுக்கா. வெயிலுக்கு என்னைக்காவது பஞ்சம் வருமா?" என்றான். இவளும் தலையாட்டினாள். அப்படி ஆட்டியதற்காகப் பிறகு அதே தலையில் எத்தனை முறை அடித்துக்கொண்டாளோ! சந்தை சரிந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சோலார் மட்டும் படுத்த படுக்கையாகிவிட்டது.

விஷயம் தெரிந்த அன்று, மாவு பிசைகிற மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, மாவுக்கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

"போனது போகட்டும்டா. எல்லாத்தையும் வித்துட்டு பேங்க்ல போட்டுடு."

"எந்த பேங்க்லக்கா?"

"இது என்னடா கேள்வி? நான் கணக்கு வச்சிருக்கிற பேங்க்லதான்."

"சரிக்கா."

அந்தச் 'சரி'யை நம்பி நிம்மதியாகக் கிரீம் தடவிக்கொண்டிருந்தாள். அட்வான்ஸ் கொடுக்க பேங்குக்குப் போனபோதுதான், கணக்கில் பழைய சில்லறை தவிர எதுவுமில்லை என்று தெரிந்தது. அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போய் நின்றாள்.

"எங்கடா பணம்?"

"நீ சொன்ன மாதிரி பேங்க்லதான் போட்டேன். அந்த பேங்க் ஷேர்ல."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஓடியதும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"பேங்க்ல போடுன்னா கணக்குல போடுறதுடா! பேங்கோட ஷேரயா வாங்குவே?"

"சோலார்ல போடுன்னா சோலார் ஷேர். பேங்க்ல போடுன்னா பேங்க் ஷேர். எங்க பேச்சு அப்படித்தான்க்கா. நீ தெளிவா சொல்லியிருக்கணும்." அவன் குரலும் உயர்ந்தது. "மலிவா கெடச்சுதேன்னு வாங்கினேன், இன்னும் எறங்கிடுச்சு. இப்ப வித்தா பாதிதான் தேறும். பொறு, ஏறும். உனக்கென்ன அவசரம்? மாசம் பொறந்தா சம்பளம் வருதில்ல?"

சம்பளமாம்! அவனை அங்கேயே மென்று துப்பிவிடலாம்போல் இருந்தது அவளுக்கு. உள்ளேயிருந்து தம்பி மனைவி பதறிக்கொண்டு வந்தாள்.

"கோவப்படாதீங்க அண்ணி. சந்தையே சரியில்ல. இவர் எங்க பணத்தையும் சந்தை விழுந்த அன்னைக்கே எடுத்து பேங்க்ல போட்டுட்டாரு. அதனால தப்பிச்சோம்."

"எந்த பேங்க் ஷேர்ல?"

"ஷேரா? இல்லண்ணி, டெபாசிட்."

பாவம், நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். தம்பி அவளை முறைத்தான்.

"உன் காசுன்னா மட்டும் ஒழுங்கா தமிழ் புரியுதாடா உனக்கு?"

"அப்படி இல்லக்கா. உன் நஷ்டத்த எப்படியாவது மீட்டுடலாம்னுதான்..."

"அவ்வளவு நல்லதுன்னா உன் காசயும் அதுலயே போட்டிருக்கலாமே?"

"அது ரிஸ்க்கு..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். சொன்னது சொன்னதுதான். ஓங்கிய கையை அவள் கஷ்டப்பட்டு இறக்கினாள்.

"என் ஷேர இப்பவே வித்துடு. பாதியோ கால்வாசியோ, வர்றது வரட்டும். மிச்சத்துக்கு உன் டெபாசிட்ட உடை."

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தரையைப் பார்த்தாள். கடை கைவிட்டுப் போனது அப்போதுதான் கேக்கக்காவுக்கு உறைத்தது.