புதூர்நாட்டுப் புளியும் எங்கள் பயணச் செலவும்

மாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. காலை 6.35க்கு அரக்கோணம் நிலையத்தில் ஜோலார்பேட்டைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். முன்பதிவில்லாப் பெட்டி, ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். என் மனைவி வசந்தா இரண்டு காலிச் சாக்குகளை மடித்துத் தயிர்சாதப் பைக்குள் வைத்திருந்தாள். ஜவ்வாது மலைக்கு இது எங்களுடைய எட்டாவது மாசிப் பயணம். ஒன்பது வருடங்களுக்கு முன் ஆரம்பித்தது; நடுவில் கொரோனா இரண்டு மாசிகளைத் தின்றுவிட்டது.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். என் சம்பளம் தெரிந்தவர்கள், வருடத்துக்கு நான்கு முறை எப்படி ஊர் சுற்றுகிறீர்கள் என்று கேட்பதுண்டு. மறைக்க ஒன்றுமில்லை. நாங்கள் கார் வாங்கவில்லை. விடுமுறைக் கூட்டத்தில் போவதில்லை. முடிந்தவரை ஓட்டலில் தங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பயணமும் தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பண்ருட்டிக்குப் போனால் முந்திரி, சேலத்துக்கு மாம்பழம், ராமநாதபுரத்துக்கு மிளகாய் வற்றல், புதூர்நாட்டுக்குப் புளி. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடும். வாங்கிய விலைக்கு மேல் கிலோவுக்கு இருபது ரூபாய் வைத்துக் கொடுப்போம். அவர்களுக்குக் கடையைவிட நாற்பது ரூபாய் மிச்சம். வீட்டுக்கு மூன்று கிலோ வீதம் முப்பத்தாறு கிலோ புளியில் எழுநூற்று இருபது ரூபாய் நிற்கும். இரண்டு பேர் போய்வர அது போதும்.

9.20க்கு ஜோலார்பேட்டை. அங்கிருந்து திருப்பத்தூருக்கு ஒன்பது கிலோமீட்டர், பஸ்ஸில் பன்னிரண்டு ரூபாய். புதூர்நாட்டுப் பஸ் 10.25க்குப் புறப்பட்டது. முப்பது கிலோமீட்டர் சொச்சம், முப்பத்தைந்து ரூபாய். கண்டக்டருக்கு எங்களை அடையாளம் தெரியும்.

“இன்னா சார், இந்த வருசமும் புளிக்குத்தானா? உங்க ஊர்ல புளியமரமே இல்லியா?”

“மரம் இருக்குதுப்பா. ஏறத்தான் ஆளில்ல” என்றாள் வசந்தா.

“சாரை ஏத்துங்க. சும்மாதான வர்றாரு, நோட்டைத் தூக்கிக்கினு.”

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, சமவெளி ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே போயிற்று. முதல் வருடம் இதே வளைவுகளில்தான் எங்கள் மகள் கவிதா என் சட்டையில் வாந்தி எடுத்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அன்று பஸ் கிடைக்காமல் ஜீப்பில் ஏறினோம்; பதினேழு பேர், ஒரு ஆட்டுக்குட்டி. திரும்பும்போது அவள் புளிச்சாக்கின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து மூன்று முறை குளிப்பாட்டியும் தலைமுடியில் புளிவாசம் போகவில்லை. இப்போது அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் வசந்தா தன்னையறியாமல் நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

11.50க்கு இறங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். சாமை அறுத்த கொல்லைகள் வெளுத்துக் கிடந்தன. பலாமரங்களில் கட்டைவிரல் அளவுக்குப் பிஞ்சு. வழியெல்லாம் வாசல்களில் புளி காய்ந்தது. ஓடு நீக்கிய புளிமேல் வெயில் படும்போது எழும் வாசனைக்கு ஒரு லேசான வெல்ல நெடி உண்டு. எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் அது வருவதில்லை.

மல்லிகாவின் வீட்டில் பன்னிரண்டே கால் மணிக்குச் சேர்ந்தோம். முதல் வருடம் நாங்கள் தண்ணீர் கேட்டு நின்ற வீடு அது. அப்போது அவள் கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தண்ணீருடன் ஒரு கை சாமைப் பொரியும் கொடுத்தாள். அந்தப் பழக்கம் அன்றே புளி வியாபாரமாக வளர்ந்தது. நான்கு புளியமரங்கள் அவர்களுடையவை. கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார், பண்டிகைக்கு வருவார்.

“பாப்பா வர்லியாக்கா?” என்று முதலில் கேட்டாள். கவிதா வராத வருடங்களில் இதுதான் முதல் கேள்வி.

“பரீச்சையாம்.”

“போன வருசமும் பரீச்சைன்னீங்க. அப்டி இன்னாதான் படிக்குது? எங்க மலையையே வெலைக்கு வாங்கப் போவுதா?”

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பாட்டுக்குக் காசு வாங்கமாட்டாள் என்பதால் வசந்தா எப்போதும் ஒரு புடவையோ பிள்ளைக்குச் சட்டையோ கொண்டுவருவாள். சாப்பிட்டு முடித்ததும் மல்லிகா உள்ளே போய், துணி சுற்றிய ஒரு பொருளைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுத்துவந்தாள். எலக்ட்ரானிக் தராசு.

“எங்க குழுவுல பதினாலு பேர் காசு போட்டு வாங்கினோம்ணே. நேத்துதான் வந்துது. எங்கூட்டுல வெச்சிருக்காங்க. மொத நிறுவை உங்களுதுதான்.”

இவ்வளவு நாளும் எங்கள் கணக்கு கூடைக் கணக்கு. மூங்கில் கூடையில் கொட்டை எடுத்த புளியை அமுக்கி நிரப்பினால் பன்னிரண்டு கிலோ என்பது அவள் மாமியார் சொன்ன அளவு. கூடைக்கு இவ்வளவு என்று விலை பேசுவோம். மூன்று கூடை வாங்குவோம்.

மல்லிகா முதல் கூடையைத் தராசில் வைத்தாள். கூடையின் எடை கழிந்து, 14.050 என்று சிவப்பு எழுத்து நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே எண். இரண்டாவது கூடை 13.980.

“இது இன்னாடா இது” என்றாள். உள்ளேயிருந்து பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கிலோ ஐந்து கிராம் காட்டியது. அவள் முகம் வாடிவிட்டது.

“கொஞ்சத்துக்குச் சரியா காட்டுது, நெறையாப் போட்டா கூட்டிக் காட்டுது. ஏமாத்திட்டான்க்கா கடக்காரன்.”

“அவசரப்படாத மல்லி” என்றாள் வசந்தா. என்னைப் பார்க்கவில்லை.

“இல்லக்கா, இன்னிக்கே தலைவிக்குச் சொல்லணும். நாளைக்கு யாரோ திருப்பத்தூர் போறாங்க, திருப்பிக் குடுத்துட்டு வரட்டும். எல்லாரும் என்னை நம்பி வெச்சிருக்காங்க.” போனை எடுத்தவள் நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள். “நீங்க ஸ்டோருல இருக்கறவரு. நீங்க சொல்லுங்கண்ணே. தராசு தப்பா, கூடை தப்பா?”

முதல் வருடம் ஊர் திரும்பிய திங்கட்கிழமையே எங்கள் தொழிற்சாலைத் தராசில் அந்தச் சாக்குகளை நிறுத்தேன். நாற்பத்திரண்டு கிலோ இருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்: “கூடைக்கு இரண்டு கிலோ கொசுறு. மலைக்காரர்கள் தாராளம்.” மல்லிகா தெரிந்துதான் கொடுத்தாளா என்று வசந்தா அன்று கேட்டாள். தெரியாமலா இருக்கும் என்றேன். அதற்குப்பின் ஒவ்வொரு வருடமும் நிறுத்து, எழுதி, கொசுறு ஆறு கிலோவை எங்கள் வீட்டு ஜாடியில் போட்டுவந்தோம். ஏழு வருடமாக நாங்கள் புளி விலைக்கு வாங்கியதில்லை. எங்கள் சிக்கனத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். அது கொசுறு அல்ல என்று எனக்கு எந்த வருடத்தில் தெரிந்தது என்று மட்டும் எழுதி வைக்கவில்லை.

மல்லிகா போனில் எண்ணைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

“தராசு சரிதாம்மா” என்றேன். “கூடைதான் பதினாலு பிடிக்கும்.”

“உங்களுக்கு எப்டிண்ணே தெரியும்?”

குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். வருடவாரியாகத் தேதி, கூடை விலை, நிறுத்த எடை. அவள் எட்டாவது வரை படித்தவள். விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். பக்கத்து வாசலில் யாரோ புளி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“எல்லா வருசமும் நிறுத்தீங்களா?”

“ஆமா.”

“அப்ப இத்தினி வருசமா எங்க புளியில ஊர் சுத்திக்கினு இருந்தீங்க.”

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னபின் முகத்தில் சிரிப்பு தங்கவில்லை. எழுந்துபோய் மூன்றாவது கூடையைத் தானே தூக்கிவந்து வைத்தாள். நான் கைகொடுக்கப் போனபோது, “நீங்க உக்காருங்கண்ணே” என்றாள்.

அந்தச் சில நிமிடங்களில், இனி இந்த வீட்டுக்கு வர முடியாது என்று தோன்றியது. தண்ணீர் கேட்டு நின்ற நாள், கவிதா இவள் வீட்டுக் கோழிக்குஞ்சைப் பையில் ஒளித்துக் கொண்டுபோகப் பார்த்தது, மழை பிடித்துக்கொண்ட ஒரு மாசியில் இங்கேயே படுத்து எழுந்தது, எல்லாம் ஆறு கிலோ புளிக்குப் போய்விட்டன.

வசந்தாதான் பேசினாள். “ஏழு வருசம், ஆறு ஆறு கிலோ. நாப்பத்திரண்டு. இன்னிக்கு வெலைக்குப் போட்டு எடுத்துக்க மல்லி.”

“இன்னிக்கு வெல கிலோ நூத்தி இருவது. அப்ப ஏது அந்த வெல? அந்தந்த வருசத்து வெலைக்குப் போடுங்க. கூட வாங்கினா நான் ஏமாத்தினதா ஆயிடும்.”

எழுபதில் ஆரம்பித்துப் போன வருடம் நூற்றைந்து வரை வந்த விலைகளைக் கூட்டினேன். மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய். எங்கள் பயணப் பணம் எல்லாம் ஒரே பையில்தான் இருக்கும். சித்திரையில் சேலத்து மாம்பழத்துக்கு வைத்திருந்த முதலும் அதில் இருந்தது. இந்த வருடம் வாங்கிய நாற்பத்திரண்டு கிலோவுக்கு ஐயாயிரத்து நாற்பதைத் தனியாகக் கொடுத்தோம். பழைய கணக்குக்கு மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பதை நீட்டினேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. இரண்டு முறை எண்ணினாள். பத்து ரூபாய் மீதி தந்தாள்.

“இன்னாண்ணே அப்டிப் பாக்கறீங்க? நான் வாங்கிக்கலன்னா அடுத்த வருசம் நீங்க வர மாட்டீங்க. வெக்கப்பட்டுக்கினு அங்கியே உக்காந்துருவீங்க. அக்கா வந்தாலும் நீங்க வர மாட்டீங்க.”

“அதான் நிஜம்” என்றாள் வசந்தா.

“அடுத்த வருசம் நூத்தி அறுவது. இப்பவே சொல்லிட்டேன். குழுவே திருப்பத்தூர்க் கடைக்குப் போடப் போவுது. பாப்பாவக் கூட்டிக்கினு வாங்க.”

மாலை 4.10 பஸ். சாக்குக்கு இருபத்தொரு கிலோ. சாக்குக்கு முப்பது ரூபாய் லக்கேஜ். மல்லிகா பஸ் வரை ஒரு சாக்கைத் தலையில் தூக்கிவந்தாள். நான் தடுத்தபோது, “எடை தெரிஞ்சிதான் தூக்கறேன், வாங்கண்ணே” என்றாள். இறங்கும்போது மலை நிழல் சமவெளியில் பாதி தூரம் விழுந்திருந்தது. வீடு சேரும்போது இரவு ஒன்பது.

மறுநாள் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கும் வழக்கம்போலப் புளி கொடுத்தோம். எங்களுக்கு ஆறு கிலோ, எழுநூற்று இருபது ரூபாய் என்று முதல்முறையாகச் செலவுப் பக்கத்தில் எழுதினேன். சேலம் இந்த வருடம் இல்லை. அடுத்த மாசியில் கிலோ நூற்றறுபது என்றால், கடை விலைக்கும் அதற்கும் இருபது ரூபாய்தான் இடைவெளி. அதைத் தெருக்காரர்களுக்கு விட்டுவிட்டால் எங்கள் டிக்கெட்டுக்கு ஒன்றும் நிற்காது. செலவைத் தானே சம்பாதிக்காத பயணம் போவதில்லை என்பது இருபது வருடத்து விதி. அன்று இரவு வசந்தாவிடம் இதைச் சொன்னேன்.

“அப்ப போறதில்லையா?” என்று கேட்டாள்.

மறுநாள் அஞ்சலகத்துக்குப் போய், மாதம் நூறு ரூபாயில் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தேன். மூன்று பேருக்கான பஸ்காசு அதில் சேர்ந்துவிடும். கவிதாவிடம் தேதியைச் சொல்லியாகிவிட்டது.