செட்டையின் கீழே

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் கெஞ்ச எனக்குப் பொறுமை இல்லை. போன சித்திரையில், நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு லுத்தரன் கோயிலில், என் இரண்டு காதாலும் கேட்டது இது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கமிட்டிக்காரர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது.

அங்கே பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் நான், எழில்மொழி. சபை ஆண்டு விழாவுக்காக எங்கள் அந்திப் பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் போட ஏற்பாடு. ஜெர்மனியில் யாரோ ஒரு போதகர் யுத்த காலத்தில் எழுதியதாம். கப்பலேறி வந்து தமிழானது. எங்கள் சபையில் அதற்கு இரண்டு மெட்டு. ஒன்று ஜெர்மன் மெட்டு, ஆர்மோனியத்தோடு விறைப்பாக நிற்கும். இன்னொன்று நாட்டு மெட்டு. ஒரு குரல் எடுக்க, மற்றவை பின்னால் வந்து சேரும். கேட்டாலே நடவு வயல் கண்ணில் தெரியும். ஆனால் கடைசி அடியில், ‘செட்டையின் கீழே எம்மை மூடும்’ என்ற இடத்தில், முதல் சொல்லிலேயே மெட்டு பொட்டென்று நின்றுவிடும். மீதியை ஜெர்மன் மெட்டில்தான் முடிப்போம். செட்டை என்றால் சிறகு, பழைய வேதாகமத் தமிழ்.

“அந்த நிறுத்தம்தான் எங்க தாத்தாவோட முத்திரை” என்பார் சபைச் செயலர் ஞானாபரணம். தாத்தா நிலக்காரர், கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரும் அவர்தான். மெட்டு அவர் போட்டதாம். அடேயப்பா! எங்கள் தெருப் பெண்கள் நடவில் பாடிய மெட்டு அது என்று, மதம் மாறாத என் அத்தை காளியம்மாள்கூடச் சொல்வாள். இந்தப் பதிவிலாவது எங்கள் பெண்களின் பெயரைப் போடுங்கள் என்று கமிட்டியில் கேட்டேன். சிரித்தார்கள்.

அன்று மாலை ஆறே கால். குழு மறுநாள்தான் வரும். மாதிரிக்கு நான் மட்டும் பாட வேண்டும். நாகூரிலிருந்து மைக்கும் ரிக்கார்டருமாக முபாரக் வந்திருந்தான். செயலர் முன்வரிசை நாற்காலியில். ஜெர்மன் மெட்டு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. நாட்டு மெட்டை எடுத்தேன். முதல் சரணம் முடிவதற்குள் முபாரக் கையைத் தூக்கினான்.

“அக்கா, பின்பாட்டு யாரு?”

“நான் ஒருத்திதானே பாடுறேன்.”

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். ஒயரை மாற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான். அவன் முகம் சரியில்லை.

அப்போதுதான் சேற்று வாடை வந்தது. மேட்டூர் திறக்கவில்லை. சன்னலுக்கு வெளியே வயல் வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு எப்படி...?

மறுபடி பாடினேன். இப்போது எனக்கே கேட்டது. பெண் குரல்கள். நடவில் வருவது போலவே, கொஞ்சம் பின்னால். நான் ‘செட்டையின் கீழே’ என்றேன். அவர்கள்...

‘சேத்துக்குக் கீழே...’

“உங்க ஆளுங்களுக்கு உச்சரிப்பு என்னைக்கு வந்துச்சு? வெளியில நிக்கிறவளுவளைப் போகச் சொல்லு!” என்று செயலர் சீறினார்.

சன்னலில் எட்டிப் பார்த்தேன். வயலில் ஒருவரும் இல்லை.

வாயை இறுக மூடிக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை.

ளக்... ளக்... சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம்.

ஒரு குரல் குறைந்தது.

இன்னொன்று...

கடைசியில் ஒரே குரல்.

‘சேத்துக்கு...’

பொட்டென்று நின்றது. மெட்டு நிற்கிற அதே இடத்தில்.

செயலர் முகத்தில் ஈயாடவில்லை. “கதவைச் சாத்து” என்றார். “மொதல்ல கதவைச் சாத்து.” பிறகு முபாரக்கிடம் திரும்பி, பதிவானதை அழிக்கச் சொன்னார். பாவம், அவன் அழித்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டான்.

விழாவும் நடந்தது, பாட்டும் வெளிவந்தது. நாட்டு மெட்டுக்கு நேரே அவர் தாத்தா பெயர். ஆத்திரம் தாங்காமல் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள்தான் சொன்னாள்.

“எங்க பெரியம்மா காலத்துல, ஐப்பசி மழையில வாய்க்கால் கரை உடைப்பு எடுத்துச்சு. அதை அடைக்க நம்ம பொம்பளைங்களை எறக்கிவிட்டுட்டு, உங்க செயலரோட தாத்தா, அந்த உபதேசியாரு, அந்தி ஜெபத்துக்குப் போயிட்டாரு. கரை இடிஞ்சி அவளுவளை இடுப்பு வரைக்கும் சேறு மூடிருச்சு, மேல மேல ஏறிக்கிட்டே வந்துச்சு. கத்திப் பாத்தாளுவ, யாரும் வரலை. கோயில் பாட்டுன்னா கதவைத் தொறப்பாங்கன்னு நடவு மெட்டுல அதைப் பாடுனாளுவ. செட்டைங்கற எடத்துல சேறுன்னு மாத்திப் பாடுனாளுவ, அப்பவாச்சும் புரியட்டும்னு. கரையேறுனது எங்க பெரியம்மா ஒருத்திதான். ஓடிப்போயி கோயில் சன்னல்ல பாத்தா.”

“ஏன் அத்தை இத்தனை நாளா சொல்லலை?”

“சொன்னா நீ அந்தக் கோயில்ல வாயைத் தொறந்து பாடுவியா?”

“உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு அவரு?”

“சாரல் அடிக்குதுன்னு கதவைச் சாத்தச் சொன்னாராம். மெட்டு நல்லாருக்குன்னு, அது நிக்கிற வரைக்கும் உக்காந்து எழுதிக்கிட்டாராம்.”