எதிர்க்கரைக்குப் போய்வந்த மந்திரி

ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது எண்ணூரிலிருந்து சித்தப்பா மகன் முருகன் அழைத்தான். "மந்திரி பூட்டாருப்பா," என்றான். "நம்ம பசங்க ரெண்டு பேரு இன்னும் எதிர்க்கரையிலதான் கீறானுங்க. இனிமே யாரு போய்க் கூட்டியாறது?" எனக்கும் துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

உங்களில் பலர் அவரை மந்திரியாகத்தான் அறிவீர்கள். எங்கள் மீனவர் குப்பத்துக்கு அவர் நாட்டார். பாட்டன் வழியில் வந்த தலைமை. தலைவரைத் தேர்ந்தெடுக்க வாலிபர்கள் தேர்தல் கேட்ட அன்று அவர் வாதாடவில்லை. "உள்ளூர நீங்க பாத்துக்கங்க. வெளியில பேசறத எங்கிட்ட வுடுங்க," என்று எழுந்துவிட்டார். பிறகு பக்கத்துக் குப்பம், துறைமுகம், போலீஸ் என எங்கும் பேசப் போனவர் அவர்தான். வெளியுறவு மந்திரி என்று கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

முன்பொரு முறை முகத்துவாரத்தில் எங்கள் ஆட்கள் எதிர்க்கரைக் குப்பத்தாரின் வலையை அறுத்துவிட்டுப் பிடிபட்டார்கள். சட்டம் படித்தவன் என்று என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார். அங்கே என்னைப் பேசவே விடவில்லை. துடுப்புக் கட்டைகளோடு நின்றவர்களிடம் என் தோளைத் தொட்டுக் காட்டினார். "எங்க பசங்கள வுட்டுடுங்க. வேற வலை எடுத்தாற வரைக்கும் இவன் இங்க குந்தியிருப்பான்," என்று சொல்லிப் போய்விட்டார். பேசப் போனவர் வாக்கைக் காப்பாற்றும்வரை தன் ஆளை விட்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

யாரும் என்மேல் கை வைக்கவில்லை. சோறும் குழம்பும் கொடுத்தார்கள். "துன்னு மாமு. மந்திரி வரலேன்னா உன்னத்தான் வலைக்குப் பதிலா கடல்ல போடணும்," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டு மந்திரியின் படகு வருகிறதா என்று பார்த்தேன்.

மாலையில் வலையோடு வந்தார். அதோடு முகத்துவாரத்தில் என் அப்பா வலை கட்டும் இடத்தையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். திரும்பும் வழியில் கத்தினேன். ஏன் நான் என்று கேட்டேன்.

"நீ பயந்தவன். குந்துன எடத்துலயே குந்தியிருப்ப. வீரன வுட்டிருந்தா ரெண்டு ஊரும் எரிஞ்சிருக்கும் நைனா."

அந்த இடம் போனதை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. இப்போது மன்னித்துவிட்டதாக எழுதினால் அது பொய்.

மறுபடியும் வலை அறுந்து, மறுபடியும் எங்கள் ஆட்கள் பிடிபட்டு, அவர் கிளம்பவிருந்த காலையில்தான் இறந்தார். அடக்கத்துக்கு எதிர்க்கரைப் பெரியவர் மாலையோடு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. "காரியம் முடியற வரைக்கும் உங்க பசங்க எங்க வூட்டுப் பசங்க. அதுக்கப்பறம் ஆள் அனுப்புங்க," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நாளை காரியம். மறுநாள் படகு. வலை கொண்டுவரும்வரை அங்கே யாரை விட்டுவருவது என்று முருகன் கேட்டான். நீ போய்ப் பேசு, நான் உட்காருகிறேன் என்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: கோபக்காரர்கள் நடுவே பயந்தபடி, எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம்.