ஏரோப்பிளான் மண்டோர்

இருசப்பனுக்குத் தோட்டத்தில் அந்தப் பெயர் வந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. மலேசியாவில், ஈஜோக்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை. மானேஜர் துரை ஏறியிருப்பார். துரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவன் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டுபவன். நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று, ஒரே இழுப்பில் குலையைத் தரைக்குக் கொண்டுவருவான். எண்பதுகளின் நடுவில் அதே கம்பெனி கிளந்தானில், தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், புதுத் தோட்டம் ஒன்று போட்டிருந்தது. மரங்கள் காய்ப்புக்கு வந்துவிட்டன. வெட்டத் தெரிந்த ஆட்கள் அங்கே குறைவு. இருசப்பனையும், அவனைவிட இளையவனான அப்பளசாமியையும் அனுப்பினார்கள். அங்கே இருசப்பன்தான் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. மாதத்தில் பாதி அங்கே, பாதி வீட்டில். மலைச்சாலையை இரவில் மூடிவிடுவதால் போக்குவரத்துக்குக் கம்பெனியே விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தது.

முதல் தடவை போய் வந்ததும் லயத்து ஆட்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கிளந்தானில் இறங்கும் கோத்தா பாரு விமான நிலையம், காலையில் பேர் கூப்பிட ஆள் கூடும் நம் பிரட்டுக்களத்தைவிடக் கொஞ்சம் பெரியது என்றான். ஒரு கூடம், ஒரு கவுண்டர், சாமான் நிறுக்க ஒரு தராசு, காசு போடும் தொலைபேசி ஒன்று. கேன்டீனில் ஏதோ பூவைப் போட்டு வேகவைத்த சோறு நீலமாக இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேயும். கோலாலம்பூருக்குக் காலையில் ஒரு விமானம், சாயங்காலம் ஒன்று. பினாங்குக்கு வெளியே விசிறி சுற்றுகிற சின்ன விமானம். சாயங்கால விமானத்தை விட்டால் அன்றைக்கு வேறு வழி இல்லை, பெஞ்சில்தான் படுக்க வேண்டும்.

“பேண்டா எங்க விழும், மண்டோரே?” என்று பக்கத்து வீட்டு ஐயாவு கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தடவை விசாரித்து வருவதாக இருசப்பன் சொன்னான். அன்றிலிருந்து ஏரோப்பிளான் மண்டோர்.

ஏறுவதற்கு முன் அந்தக் காசுத் தொலைபேசியிலிருந்து தோட்ட ஆபீசுக்குப் பேசுவது அவன் வழக்கம். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வைரவநாதன் எடுப்பார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவருடைய அப்பாவும் இதே ஆபீசில் கிராணியாக இருந்தவர். இருசப்பன் புறப்பட்டுவிட்டான் என்று அவர் ஆள் அனுப்பினால் அவன் மனைவி வள்ளியம்மா உலை வைப்பாள்.

வள்ளியம்மாவுக்கு விமானத்தைப் பற்றிப் பயம் இல்லை. ஆற்றைப் பற்றித்தான் பயம்.

இருசப்பனின் அடையாள அட்டை சிவப்பு. அவளுடையதும் சிவப்பு. நீல அட்டைக்காரர் குடிமக்கள். சிவப்பு அட்டைக்காரர் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், சாகலாம். நாட்டுக்கு வெளியே கால் வைத்தால் திரும்பி வருவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இருசப்பன் ஜப்பான்காரன் காலத்தில் இதே லயத்தில் பிறந்தவன். அந்த வருஷம் பிறப்பைப் பதிய ஆபீஸ் திறந்திருக்கவில்லை. அப்புறம் பதிய அவன் அப்பாவுக்குத் தோன்றவில்லை. பிறகு நீல அட்டைக்கு இரண்டு முறை மனுப் போட்டான். இரண்டு முறையும் சாட்சிக்கு ஆள் கேட்டார்கள். அவன் பிறந்ததைப் பார்த்தவர்கள் செத்துவிட்டிருந்தார்கள்.

புதுத் தோட்டத்திலிருந்து கோலோக் ஆறு பக்கம். அக்கரை தாய்லாந்து. கிளந்தானில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு அங்கே பாதிப் பேர் படகில் ஆற்றைத் தாண்டிப் போய், துணி, பாய், போர்வை வாங்கிவருவார்கள். பாஸ்போர்ட் யாரும் கேட்பதில்லை. படகுக்காரன் துடுப்பை நாலு தடவை போட்டால் வெளிநாடு. அப்பளசாமி வாராவாரம் போனான். அவனுக்கு நீல அட்டை. இருசப்பன் இக்கரையிலேயே நின்று பீடி குடித்துவிட்டுத் திரும்புவான்.

மகள் ரமணிக்குத் தஞ்சோங் காராங்கில் மாப்பிள்ளை பேசி, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்று முடிவானது. அப்பளசாமி வீட்டில் தடித்த போர்வை ஒன்று கிடந்தது, புலி போட்டது. வள்ளியம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். பெண்ணுக்கு இந்த மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் புலி வேண்டாம், ஜோடி மயில் போட்டது வேண்டும் என்று இருசப்பனிடம் சொல்லி அனுப்பினாள். கோத்தா பாரு கடைத்தெருவில் கிடைக்கும் என்று நினைத்தாள். அது மட்டும்தான் அவள் நினைத்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை காலை விமானத்தில் இருவரும் வருவதாக இருந்தது. சாமான் அதிகம் இருக்கும் என்று கிராணி தோட்டத்து வேனை எடுத்துக்கொண்டு சுபாங் விமான நிலையத்துக்குப் போனார். வள்ளியம்மாவும் போனாள். அன்று காலை ஆபீஸ் தொலைபேசி அடிக்கவில்லை என்பதை வேனில் ஏறிய பிறகுதான் கிராணி சொன்னார். கூட்டமாக இருந்திருக்கும் என்றாள் அவள்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. அப்பளசாமி வந்தான். தோளில் ஒரு போர்வை. ஜோடி மயில்.

வள்ளியம்மா அவனுக்குப் பின்னால் பார்த்தாள். கதவு மூடியது.

“அண்ணன் அடுத்த பிளேன்ல வருவாரு, அக்கா.”

“அடுத்தது சாயங்காலம்தானே?”

“ஆமாக்கா.”

“எங்க வெச்சுப் புடிச்சாங்க?” என்று கேட்டாள்.

அப்பளசாமி போர்வையைக் கீழே வைத்தான். நேற்று இக்கரைக் கடைகளில் புலிதான் இருந்ததாம், எங்கே கேட்டாலும் புலி. மயில் அக்கரையில் தொங்குவது கண்ணுக்குத் தெரிந்ததாம். அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, ரெண்டு நிமிஷம்தானே லா என்று இவனோடு படகில் ஏறினார். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது கரையில் சீருடைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நீல அட்டையைப் பார்த்தார்கள், திட்டினார்கள், விட்டார்கள். சிவப்பு அட்டையைப் பார்த்ததும் லோரியில் ஏறச் சொன்னார்கள். அண்ணன் போர்வையை இவனிடம் கொடுத்துவிட்டு ஏறினார். காலையில் இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டு இவன் விமான நிலையக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். கவுண்டர்ப் பெண் இன்னொரு ஆள் வருகிறாரா என்று கேட்டாள். வருகிறார் என்றான். கதவைச் சாத்தும் வரை அதையே சொன்னான்.

சாயங்கால விமானம் வரும் வரை மூவரும் சுபாங்கிலேயே இருந்தார்கள். அது வந்தது. ஆட்கள் இறங்கிப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க வள்ளியம்மா விமானம் புறப்படும் நேரங்களில் ஆபீசுக்கு வெளியே வந்து நின்றாள். கிராணி அவனைப் பிடித்து வைத்திருந்த எல்லை நிலையத்துக்குத் தினமும் பேசினார். திங்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். செவ்வாய், நாளைக்கு விட்டுவிடுவோம். புதன், அதே பதில், வேறு குரல். வியாழன் யாரும் எடுக்கவில்லை. துரை ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். ஆள் நல்லவன் என்று அதில் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நாளை மாற்ற வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். தாரை வார்க்க யார் உட்காருவது என்று மட்டும் கேட்டார்கள். அப்பன் இருக்கிறார், வருவார் என்றாள் வள்ளியம்மா. ரமணி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிராணி வள்ளியம்மாவை விமானத்தில் கூட்டிக்கொண்டு போனார். உள்நாட்டுப் பயணம்தான், சிவப்பு அட்டைக்குத் தடை இல்லை. ஆனால் ஆற்றுப் பக்கம் வந்தால் தன் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கோத்தா பாருவில் இறங்கியதும் முதல் வேலையாக, திரும்பும் விமானம் எப்போது என்று கவுண்டரில் கேட்டார். சாயங்காலம் ஒன்றுதான். ஞாயிறு காலை விமானத்தில் இடம் இல்லை.

எல்லை நிலையத்து அதிகாரி இளைஞன். உட்காரச் சொன்னான். இருசப்பனை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டதாகச் சொன்னான். எங்கே என்று கிராணி கேட்டார். எங்கேயிருந்து வந்தாரோ அங்கே என்றான். இங்கே பிறந்தவர் என்றார் கிராணி. அட்டையில் அப்படி இல்லையே என்றான். அனுமதி இல்லாமல் வெளியே போன அன்றே அந்த அட்டை செல்லாது. அக்கரையிலிருந்து முறைப்படி மனுப் போடட்டும். அட்டை எங்கே? அது இங்கேதான் இருக்கிறது, பத்திரமாக.

டாக்சியை ஆற்றங்கரைக்கு விடச் சொன்னார் கிராணி. ஆறு அகலம் இல்லை. பழுப்பு நிறத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு கடையின் சாய்ப்புக்குக் கீழே, சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருசப்பன் உட்கார்ந்திருந்தான். அதே சட்டை. இவளைப் பார்த்ததும் தண்ணீர் வரை இறங்கி வந்தான். இரண்டு நாளாக அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

“சாப்ட்டீங்களா?” என்று கத்தினாள்.

“கடைக்காரன் சோறு போட்டான். நீ ஏன் வந்த?”

“நாளைக்கு முகூர்த்தம்.”

ஒரு படகுக்காரன் இவள் காலுக்குப் பக்கத்தில் படகைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறு, ஏறு என்றான். போவது அவ்வளவு சுலபமாக இருந்தது. கிராணி அவள் கையைப் பிடித்தார்.

“நில்லு வள்ளியம்மா. ஏறினியெண்டா ரெண்டு பேரும் அந்தப் பக்கம். பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?”

“கையை விடுங்க, ஐயா. ஏறமாட்டேன்.”

அவர் விடவில்லை.

அக்கரையிலிருந்து இருசப்பன் கத்தினான். “கல்யாணத்த நிறுத்தாத. ஐயாவுவையும் அவன் பொண்டாட்டியையும் மணையில உக்கார வை. சாயங்கால பிளேன விட்டுடாத, வேற இல்ல.”

“நீங்க எப்ப வருவீங்க?”

“காகிதம் போடறேன். கிராணி ஐயாகிட்ட சொல்லு.”

கிராணி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தன்னிடம் இருந்த பணத்தைப் படகுக்காரனிடம் கொடுத்து, இருசப்பனிடம் சேர்க்கச் சொன்னார். படகு போனது. இருசப்பன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் வந்து நின்று, எந்த அவசரமும் இல்லாமல், இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் அவர்கள் என்று வள்ளியம்மா கத்திக் கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, தெரியாது என்பதுபோல் தலையை ஆட்டினான். டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

கல்யாணம் நடந்தது. ஐயாவுவும் அவன் மனைவியும் தாரை வார்த்தார்கள். வள்ளியம்மா பந்தலுக்கு வெளியே நின்று வந்தவர்களை வரவேற்றாள். ஏரோப்பிளான் மண்டோர் எங்கே என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கிராணி மனு எழுதி, துரையின் கையெழுத்தும் வாங்கி அப்பளசாமியிடம் கொடுத்தார். அதில் இருசப்பன் கைநாட்டு வைக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பளசாமி அதை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கரைக்குப் போனான். சாய்ப்புக்குக் கீழே மூட்டைகள் மட்டும் இருந்தன. கடைக்காரனுக்கு மலாய் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்து பேசினார்கள் என்றான். கடலில் மீன்பிடிக் கப்பல் வேலை, அங்கே யாரும் காகிதம் கேட்க மாட்டார்கள் என்று சொன்னார்களாம். இருசப்பன் முதலில் மாட்டேன் என்றான். சாயங்காலம் வேன் வந்தபோது அதில் ஏறினான். ஏற்றினார்களா என்பதைக் கடைக்காரன் கவனிக்கவில்லை. எந்தக் கப்பல், எந்தத் துறை என்று அவனுக்குத் தெரியாது. எப்போது கரைக்கு வரும் என்று அப்பளசாமி கேட்டான். அந்தக் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை, வேறு படகு போய் மீனைக் கடலிலேயே வாங்கிக்கொள்ளும் என்றான் கடைக்காரன்.

அப்பளசாமி திரும்பிவந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். வள்ளியம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, அந்தக் கப்பலில் குடிக்கத் தண்ணீர் எத்தனை நாளைக்கு இருக்கும், அது தீர்ந்தால் கரைக்கு வரத்தானே வேண்டும் என்று கேட்டாள்.