கயிற்றில் ஒரு கை

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தேன். வாசலில் நாலு பேர்!

ஒருவர் என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன். குருக்கள்மடத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற ஓவசியர். மற்ற மூன்று பேரையும் நான் முன்பின் பார்த்ததில்லை. கையில் தோடம்பழம், முகத்தில் சோகம், கண்கள் மட்டும் என் வயிற்றில்.

“மச்சான், இவங்க கல்முனையில இருந்து வந்திரிக்காங்க. ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமா எண்டு கேக்காங்க” என்றார் ஓவசியர்.

எதை? என் வயிற்றைத்தான்!

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சிலிருந்து கீழே இறங்குகிற பெரிய இரத்தக் குழாய், என் தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் பலம் குறைந்து வீங்கிக் கிடக்கிறது. பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைக்குமே, அதுபோல. கையை வைத்தால் துடிப்பது தெரியும். கொழும்பில் பெரிய டாக்டர் ஒருவர் படம் பிடித்துப் பார்த்தார். வெட்டித் தைப்பதும் ஆபத்து, விட்டுவைப்பதும் ஆபத்து, இப்போதைக்கு விட்டுவைப்போம் என்றார். பாரம் தூக்கக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது, கோபப்படக் கூடாது...

முதல் இரண்டும் சரி. மூன்றாவதை எப்படிக் காப்பாற்றுவது? செட்டிபாளையத்தில் இருந்துகொண்டு?

கல்முனைக்காரர்களில் ஒருவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டைக்கு மேலேயே உள்ளங்கையை வைத்தார். மற்றக் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “எழுபத்தெட்டு!” என்று அறிவித்தார். அடுத்தவர் வைத்துப் பார்த்து எண்பத்திரண்டு என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். நான் நடுவில் நின்றேன், பழுதுபார்க்க வந்த மோட்டார் மாதிரி.

இதற்குப் பெயர் ஆறுதல் சொல்வதாம்!

ஆறு மாதமாக இந்த ஆறுதல் என்னைத் துரத்துகிறது. ஒருவர் எண்ணெய் கொண்டுவருகிறார். ஒருவர் நூல் கட்ட ஆள் கூட்டிவருகிறார். இன்னொருவர் நான் கேட்காமலே, இதே மாதிரி வயிறு வெடித்துச் செத்துப்போன தன் பெரியப்பாவின் கதையை விலாவாரியாகச் சொல்லி, கடைசியில் “நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க” என்று முடிக்கிறார்.

இவர்களையாவது மன்னிக்கலாம். என்னைக் கேட்காமலே என் வேலைகளைப் பிடுங்கிக்கொண்ட நல்லவர்களை என்ன செய்வது?

எங்கள் வேதக்கோயிலில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நாளில் காணிக்கைக் காய்கறிகளை ஏலம் கூறுவது பதினெட்டு வருஷமாக நான்தான். ஒரு பூசணிக்காய்க்கு ஊரையே சண்டை பிடிக்க வைப்பேன். இம்முறை செயலாளர் வந்து, “நீங்க முன் வாங்கில இருந்து பாத்தாக் காணும், மாஸ்டர்” என்றார். முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். தம்பி ஒருவர் ஒப்பாரிக் குரலில் கத்தரிக்காயை விற்றார்.

சனிக்கிழமைச் சீட்டாட்டம் இன்னும் மோசம். முந்நூற்று நான்கு என்கிற ஆட்டத்தில் என்னை ஜெயிக்க விடுகிறார்கள்! துரும்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெட்டாமல் விடுகிறார்கள். எனக்குக் கோபம் வந்தால் குழாய் வெடித்துவிடுமாம். இப்படி ஜெயித்தால் வெடிக்காதா?

சாவுக்கு நான் பயப்படுகிறேன். வீரம் பேசமாட்டேன். சில காலைகளில் எழுந்ததும் வயிற்றில் கையை வைத்து, துடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஆனால் செத்த பிறகு செய்ய வேண்டியதை இவர்கள் இப்போதே செய்து முடித்துவிட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த நாலு பேரும் போனதற்கு மறுநாள் காலை, மனைவி தடுக்கத் தடுக்கக் கடற்கரைக்கு நடந்தேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரைவலை இழுக்கும்போது வழியால் போகிறவர் யாராவது கயிற்றில் கை வைத்து உதவினால், வலை ஏறியதும் கறிக்கு ஒரு பங்கு மீன் கொடுத்தே தீருவார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அதுதான் சட்டம். நோய் வருவதற்கு முன் நானும் காலையில் உலாவப் போனால் ஒரு இழுவை இழுத்துவிட்டு, மீனோடு வருவேன்.

அன்று தள்ளி நின்றேன்.

வலை முதலாளி சாமித்தம்பி பார்த்துவிட்டார். “என்ன மாஸ்டர், கலியாணத்துக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறீங்க?”

“இழுக்க ஏலா சாமித்தம்பி. டாக்குத்தர் சொல்லிப்போட்டார்.”

“இழுக்க ஏலா எண்டுதானே சொன்ன? கை வைக்க ஏலா எண்டு சொன்னாரா?”

யோசித்தேன். சொல்லவில்லை!

“அப்ப வாங்க. சும்மா வெச்சுக்கொண்டு பின்னால நடங்க. வெடிக்கிறதெண்டா மணல் பக்கமா விழுங்க, வலையில விழுந்திராதீங்க. நேத்துத்தான் கிழிசல் பொத்தின வலை.”

ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் இதுதான் என்றால் நம்புவீர்களா? நான் வாய்விட்டுச் சிரித்தேன். பத்துப் பேர் வியர்க்க இழுத்தார்கள். நான் ஈரக் கயிற்றில் கையைப் போட்டுக்கொண்டு, ஒரு நூல் பலமும் கொடுக்காமல் அவர்களோடு பின்னால் நடந்தேன். யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் கடலில் இருந்தது.

வலை ஏறியது. கீரி மீன். பங்கு பிரிக்கும்போது ஒருவன் முணுமுணுத்தான்: “மாஸ்டர் எங்க இழுத்த? அவருக்கும் பங்கா?”

எனக்குக் கன்னம் சுட்டது. சாமித்தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கயித்தில கை இரிந்திச்சா இல்லையா?”

“இரிந்திச்சு...”

“மறுகா என்ன கதை? போடு பங்கை.”

துண்டில் மீனை முடிந்துகொண்டு வந்தேன். கண் கலங்கியது உண்மை. கடற்காற்று என்று எழுதலாம், ஆனால் பொய்.

மனைவி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மீனை மட்டும் பொரித்தாள். மறுநாள் காலை நான் செருப்பை மாட்டும்போது ஓலைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். “துண்டு நாறுது. இதில போட்டுக்கொண்டு வாங்க.”

இன்று ஆறாவது நாள். வெடிக்கவில்லை.

நேற்று ஓவசியர் ஆள் அனுப்பியிருந்தார். வருகிற ஞாயிறு தேற்றாத்தீவிலிருந்து இன்னும் ஐந்து பேர் வருகிறார்களாம், தொட்டுப் பார்க்க. தாராளமாக வரட்டும். ஆனால் வீட்டுக்கு வேண்டாம், காலையில் கடற்கரைக்கு வரட்டும்.

தொடுவதற்கு அங்கே நீளமாய்க் கயிறு இருக்கிறது... கைதான் குறைகிறதாம்!