இருமினால் நல்ல டிரம்

ஓசூரில் பாகலூர் சாலையோரம், நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் கோபுரம்போல அடுக்கியிருக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதன் அதிபர் முனீர் அகமது. கல்லாவிச் சந்தையில் பழைய சாக்கு விற்றுக்கொண்டிருந்தவர், நாட்டின் தொழில் வளர்ச்சியில் நம் பங்கும் இருக்கட்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு ஓசூருக்குக் குடிவந்தார். தொழில் வளர்ச்சி அவருக்கென்று ஒதுக்கிவைத்திருந்தது, அது குடித்துமுடித்துத் தூக்கிப்போட்ட காலி டிரம்களை.

கம்பெனிகளில் சரக்கு தீர்ந்ததும் வெளியே வரும் டிரம்களை முனீர் மொத்தமாக எடுப்பார். தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டிவிட்டு விற்பார். லேபிளைச் சுரண்டுவது இந்தத் தொழிலில் வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை. மண்டை ஓடும் எலும்பும் போட்ட டிரம்மில் மகள் கல்யாணத்துக்கு யார் தண்ணீர் பிடித்துவைப்பார்கள்? சுரண்டினால் மண்டை ஓடு போய்விடும். மண்டை ஓடு போனால் விஷமும் போய்விடும். இந்த வட்டாரத்து வேதியியல் அவ்வளவுதான். அஞ்செட்டி மலைக் கிராமங்கள் வரைக்கும் இந்த வேதியியலை நம்பித்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது, மனிதர்களும் குடிக்கிறார்கள்.

ஆனால் முனீர் மனசாட்சி உள்ளவர். ஜூஸ் கம்பெனி டிரம் எது, அமிலம் இருந்த டிரம் எது என்று பார்க்காமல் கொடுக்க மாட்டார். அதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. கழுவின டிரம்முக்குள் தலையைத் தோள்வரை விட்டு, ஒரு மூச்சு இழுத்து, வெளியே வந்து கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "இது மாம்பழக் கூழு. கொண்டுபோங்க" என்பார். அல்லது, "இது வேணாம். இதுல செப்டிக் டேங்குக்குக்கூடத் தண்ணி பிடிக்காதீங்க" என்பார். பாய் மோந்து கொடுத்த டிரம் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அப்பீல் கிடையாது.

கொரோனா வந்தது. ஊரில் பலரிடம் பலதை எடுத்துக்கொண்டு போனது. முனீரிடம் மூக்கை எடுத்துக்கொண்டு போனது. மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது, வேலைக்குத்தான் வரவில்லை. நோன்புக் கஞ்சி கொதிக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டே, "இன்னைக்கு அடுப்பு பத்த வெக்கலியா?" என்று கேட்டார். அவர் மனைவி காத்தூன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறு வருஷமும் வாசனை திரும்பவில்லை. இதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை, மச்சானிடம் சொல்லவில்லை. வியாபாரத்தில் மூக்கு போய்விட்டது என்று சொல்வது, கண் ஆஸ்பத்திரி டாக்டர் கம்பு ஊன்றிக்கொண்டு வருவது மாதிரி. ஆகவே கணவனும் மனைவியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் மோந்து பார்ப்பதற்கு முன்னால், மூடி துடைக்கிற சாக்கில் காத்தூன் அந்த டிரம்மை மோந்துவிட வேண்டும். அப்புறம் இருமலால் சேதி சொல்ல வேண்டும்.

"கெட்ட டிரம்முன்னா நான் இருமுறன்" என்றாள் காத்தூன்.

"அதெப்படி? நீ இருமுனா, பாயம்மாவுக்கே நெடி தாங்கலன்னு ஆளுங்க கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் என் மூக்கு எதுக்கு? நல்ல டிரம்முக்கு இருமு. கெட்டதுக்கு கம்முனு இரு."

"நல்லதுக்கு யாராவது இருமுவாங்களா?"

"அதான் ரகசியம். யாருக்கும் சந்தேகம் வராது."

காத்தூன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள். இப்படியாக ஒரு மூக்கை இரண்டு பேர் சேர்ந்து நடத்தினார்கள். காத்தூன் கழுவுவாள், சுரண்டுவாள், மோப்பாள், இருமுவாள். முனீர் கண்ணை மூடிக்கொள்வார்.

இந்தக் கட்டத்தில்தான் குடிமைச் சமூகம் கொட்டகைக்குள் காலடி எடுத்து வைத்தது. அதன் பெயர் இளம்பரிதி. தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து, பசுந்தடம் மக்கள் மையம் என்ற தொண்டு நிறுவனத்தை ஓசூரில் நடத்திவந்தார். சணல் பை, கைத்தறிச் சட்டை. அலுவலக மாடியில் மழைநீர் பிடிக்க ஒரு டிரம் வாங்க வந்தவர், முனீர் தலையை விட்டு எடுப்பதைப் பார்த்துச் சிலையாகிவிட்டார்.

"அண்ணே, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"டிரம்முங்க."

"இல்லண்ணே. இது சமூகம் சார்ந்த முகர்வுவழி இடர் கண்டறிதல்!"

முனீர் ஏதோ சட்டப்பிரிவு என்று நினைத்துவிட்டார். பாராட்டு என்று தெரிந்தபிறகு டீ சொன்னார்.

அதன்பிறகு முனீரின் தலை டிரம்முக்குள் இருக்கும் படம் பசுந்தடத்தின் துண்டறிக்கையில் வந்தது. முகம் தெரியாததால் தனியுரிமைப் பிரச்சினையும் இல்லை. தொலைதேசங்களிலிருந்து வந்தவர்கள் கொட்டகையில் நின்று அவர் மூக்கைப் பக்கவாட்டில் படமெடுத்தார்கள். பாரம்பரிய அறிவு, நீடித்த வளர்ச்சி, அடித்தட்டு வல்லுநர் என்ற சொற்கள் அவர்மேல் மழையாகப் பொழிந்தன. பின்னால் காத்தூன் இருமிக்கொண்டிருந்தாள். "தூசி அதிகம்போல" என்று பரிவோடு சொல்லி ஒருவர் அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்.

பிறகு உத்தனப்பள்ளிக் கிராமத்தில் பசுந்தடம் நடத்திய கூட்டம் வந்தது. "பாதுகாப்பான வேதிப்பொருள் மேலாண்மையும் நீடித்த வளர்ச்சியும்: குடிமைச் சமூகத்தின் பங்கு" என்று ஃபிளக்ஸ் அடித்தார்கள். ஃபிளக்ஸும் பிளாஸ்டிக்தானே என்று யாரும் கேட்டுவிடாதபடி ஓரத்தில் ஒரு பச்சை இலை போட்டிருந்தது. தக்காளி விவசாயி கிருஷ்ணப்பனின் களத்தில் பந்தல். வந்தவர்களுக்கெல்லாம் மோர். மோர் கரைக்க டிரம்? அதற்குத்தான் மாவட்டப் புகழ் மூக்கு இருக்கிறதே.

கூட்டத்தன்று காலையில் கிருஷ்ணப்பன் சின்ன யானை லோடு வண்டியோடு கொட்டகைக்கு வந்துவிட்டார். "நல்லதாக் குடு பாய். பெரிய மனுசங்க குடிக்கறது."

காத்தூன் மூடியைத் திறந்து குனிந்தாள். இருமினாள். முனீர் நிம்மதியோடு தலையை உள்ளே விட்டு, வெளியே வந்து, கண்ணை மூடினார். காத்தூன் மறுபடி இருமினாள். மறுபடியும். அடேயப்பா, இவ்வளவு நல்ல டிரம் இந்தக் கொட்டகைக்கு வந்ததே இல்லை என்று முனீர் மகிழ்ந்துபோனார்.

"இது சுத்தத் தேனு வந்த டிரம், கிருஷ்ணப்பண்ணா. எடுத்துக்கினு கெளம்பு" என்று சொல்லி, அதே வண்டியில் தானும் ஏறிக்கொண்டார். பேச மூச்சில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த காத்தூன் கையை ஆட்டினாள். முனீரும் அன்போடு கையாட்டினார்.

உத்தனப்பள்ளியில் டிரம்மை இறக்கியதும் கிருஷ்ணப்பனின் மனைவி வெங்கடம்மாள் அதைச் சுற்றிவந்தாள். வெங்கடம்மாள் மாட்டிடம் தெலுங்கிலும் சண்டையில் கன்னடத்திலும் மற்ற நேரத்தில் தமிழிலும் பேசுகிறவள். டிரம்முக்குள் எட்டிப்பார்த்துவிட்டு மூன்று மொழியிலும் முகம் சுளித்தாள்.

"ஏதோ காட்டமா வருதே?"

"பாய் மோந்து குடுத்தது. உன் மூக்கு என்ன போட்டாவுல வந்திருக்குதா?" என்றார் கிருஷ்ணப்பன். வெங்கடம்மாள் தன் மூக்கின் தகுதியை நினைத்துப்பார்த்து, புளி போட்டு இன்னொரு முறை தேய்த்துவிட்டு மோரை ஊற்றினாள்.

பந்தல் மேடையில் முனீருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இளம்பரிதி பேச எழுந்தார். பேச்சில் நிலைத்தன்மை வந்தது, பங்கேற்பு வந்தது, உரையாடல் வெளி வந்தது, மோர்தான் வரவில்லை. கூட்டத்தின் கண்கள் பந்தலோரத்து நீல டிரம்மின் மேலேயே இருந்தன. முனீரின் சட்டைப் பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. பொன்னாடைக்குள் ஒளிந்துகொண்டு எடுத்தார்.

"எங்க... போயி..." காத்தூனுக்கு வார்த்தை வரவில்லை. இருமல்தான் வந்தது. "அந்த டிரம்மு... நான் இருமுனது... நிஜ இருமலுங்க! நெஞ்செல்லாம் எரியுது. இன்னும் நிக்கல. குடிக்க விட்றாதீங்க!"

அந்த ஏற்பாட்டின் ஓட்டை அப்போதுதான் முனீருக்குத் தெரிந்தது. டிரம் எவ்வளவு கொடியதோ அவ்வளவு இருமல் வரும். எவ்வளவு இருமல் வருமோ அவ்வளவு நல்ல டிரம். இப்படி இதற்கு முன்னால் எத்தனை தேன் டிரம் போயிருக்கிறதோ, படைத்த ரப்புக்குத்தான் தெரியும்.

"இப்போது அனைவருக்கும் மோர் வழங்கப்படும்" என்றார் இளம்பரிதி.

முனீர் எழுந்தார். "டீ குடிக்கலாமே" என்றார். வெயிலில் யாரும் மதிக்கவில்லை. "வெள்ளரிக்காய் இருக்குதா?" என்றார். கிருஷ்ணப்பன் சொம்பை டிரம்முக்குள் விட்டுவிட்டார். அதற்குமேல் முனீருக்கு யோசனை ஓடவில்லை. பொன்னாடை பறக்க மேடையிலிருந்து குதித்து ஓடி, டிரம்மைக் கட்டிப்பிடித்துத் தள்ளிச் சாய்த்துவிட்டார். உத்தனப்பள்ளிக் களத்தில் மோர் ஆறாக ஓடியது.

இளம்பரிதி ஒலிபெருக்கியில் கதறினார்: "மேடையிலிருந்தே முகர்ந்துவிட்டார், தோழர்களே! அவ்வளவு தூரத்திலிருந்து!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. முனீர் அப்படியே தப்பித்திருக்கலாம். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய கைதட்டல் அவருக்குக் கிடைத்ததில்லை. ஆனால் வெங்கடம்மாள் கைதட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்பா பாய், காலைல நீதான மோந்து குடுத்த? அப்ப எங்க போயிருந்துச்சு உன் மூக்கு?"

அவள் கேட்டது கைதட்டலில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்ட பெண்கள் கலைந்து போனார்கள். திரும்பி வரும்போது டிரம் உருட்டிக்கொண்டு வந்தார்கள். குடிதண்ணீர் டிரம், மாட்டுத் தண்ணீர் டிரம், ராகி கொட்டிவைத்த டிரம். பல வருஷமாக முனீர் மோந்து கொடுத்தவை. களத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, "இதெல்லாம் இப்பவே மோந்து சொல்லு" என்றாள் வெங்கடம்மாள்.

முனீர் முதல் டிரம்முக்குள் தலையை விட்டார். உள்ளே இருட்டு. மூச்சை இழுத்தார்; ஒன்றுமே இல்லை. பின்னால் இருமல் வருமா என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தார். காத்தூன் ஓசூரில், நெஞ்சு எரிந்துகொண்டு, தனியாக இருமிக்கொண்டிருந்தாள். நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் மிச்சம். அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை. உண்மையை வெளியே வந்து முகத்தைக் காட்டிச் சொல்லவும் தெம்பில்லை. உள்ளே இருந்தபடியே சொன்னார்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு! கொரோனாவுலயே போச்சு! மோந்ததெல்லாம் எம் பொண்டாட்டி!"

ரகசியமாகச் சொன்னதாகத்தான் நினைத்தார். ஆனால் காலி டிரம்முக்குள் சொன்னது, இளம்பரிதியின் ஒலிபெருக்கியைவிடத் தெளிவாக ஊர்க்கோடிவரை கேட்டது.

"அப்ப எது நல்லதுன்னு எப்படித்தான் தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

தலை வெளியே வந்தது. "லேபிள்ல போட்டிருக்கும்" என்றார் முனீர், தரையைப் பார்த்தபடி. "படிக்கத் தெரியலன்னாலும் மண்டை ஓடு தெரியும்."

"லேபிள் எங்க?"

"நாங்கதான் சுரண்டிர்றம்."

"எதுக்கு?"

"லேபிள் இருந்தா நீங்க வாங்க மாட்டீங்களே."

வெங்கடம்மாள் கன்னடத்துக்கு மாறினாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கூட்டம் கலைந்ததும் இளம்பரிதி முனீரைத் தனியாக அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். "வருத்தப்படாதீங்கண்ணே. 'நுகர்திறன் இழந்த சமூக வல்லுநர்'னு அடுத்த கட்டத் திட்டத்துல சேத்துக்கலாம். இன்னும் நல்லா எடுபடும்."

"லேபிளைச் சுரண்டாம வித்தாப் போதுங்களே, சார்?"

இளம்பரிதி உண்மையாகவே வருந்தினார். "அதுல பாரம்பரிய அறிவு எங்கண்ணே இருக்கு?"

முனீர் நேரே கொட்டகைக்குப் போய்க் காத்தூனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நெஞ்சு ஒருவழியாக அடங்கியது. டிரம் பக்கமே அவள் தலை காட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தேங்காய் நாரும் சுரண்டுகிற தகடும் குப்பைக்குப் போயின. கழுவுவதும் நின்றது, மண்டை ஓடு போட்ட டிரம்களை வந்த கம்பெனிக்கே திருப்பியனுப்பினார். மற்றவை லேபிளோடு நின்றன. வியாபாரம் படுத்துவிட்டது. உத்தனப்பள்ளிப் பெண்கள் மட்டும் வந்து லேபிளைத் தடவிப் பார்த்து வாங்கிப்போனார்கள். மோர் கொட்டிய களத்தில் அவர்கள் எடுத்த முடிவு அது: லேபிள் இல்லாத டிரம் ஊருக்குள் வரக் கூடாது. அதற்கு ஃபிளக்ஸ் அடிக்கவில்லை என்பதால் அது குடிமைச் சமூகத்தின் பங்கில் சேராது.

போன வாரம் அஞ்செட்டியிலிருந்து ஒருவர் வந்தார். கம்பெனிக்குத் திரும்பிப்போகக் காத்திருந்த டிரம் ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"மோந்து சொல்லுங்க பாய்."

"மோக்கறது இல்லைங்க. லேபிளைப் பாருங்க. அது விக்கறதுக்கு இல்ல."

"அட, நல்ல டிரம்மா இருக்குதே. இந்தப் படத்தை எடுத்துட்டாச் சரியாப்போச்சு" என்று நகத்தால் மண்டை ஓட்டின் ஓரத்தைக் கிளப்பினார் அவர்.

கொட்டகைக்கு வெளியே நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த காத்தூன் சத்தமாக ஒரு முறை இருமினாள்.

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.