பலவேசத்தின் தேன் குப்பி

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பலவேசம் தொப்பையைத் தொட்டே ஆளைச் சொல்லிவிடுவார். "இது மிட்டாய்த் தொப்பை, இது மிளகாய்த் தொப்பை" என்பார். தன் தொப்பையை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

1962 சாரல் சீசனில் தேய்க்க உட்கார்ந்த டாக்டர் ஒருவர், "ஓய், சீனி வியாதி இருக்கான்னு பாத்துக்கிடும்" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். மறுநாள் பலவேசம் மூத்திரத்தைக் குப்பியில் அடைத்துக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினார். கம்பவுண்டர் பிச்சைமணி அதை நீல மருந்தில் விட்டுக் காய்ச்ச, மருந்து செங்கல் நிறமாகிவிட்டது.

"சீனி எக்கச்சக்கம் அண்ணாச்சி. இனிப்பு வாயில படப்படாது."

மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆவணியில் ஒரே மகள் கல்யாணம். மகள் பிறந்த அன்றைக்கே, மாப்பிள்ளையை யோசிக்காவிட்டாலும், கல்யாணப் பாயசத்தை யோசித்து வைத்திருந்தார்.

ரெண்டு மாதம் வாயைக் கட்டினார். தேய்த்துக்கொள்ள வருகிறவர்களோ அல்வாவும் லட்டுமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீடு தேடி வந்த பண்டத்தைக் குப்பையில் போடலாமா? அவர் பங்கையும் சேர்த்து மனைவி முத்துவடிவே தின்று தீர்த்தாள். "ஒமக்காவத்தான் இந்தப் பாடு படுதேன்" என்று ஏப்பம் வேறு.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், புருஷனும் பெண்டாட்டியுமாக மறுபடி பிச்சைமணியிடம் போனார்கள். இந்தத் தடவை மருந்து நீலமாகவே நின்றது. பிச்சைமணி முழித்தார்.

"போன தடவை எதுல கொண்டாந்தீரு?"

"தேன் குப்பியில."

"கழுவினீரா?"

"கழுவினா தேன் வீணாப் போவாதா? விரலை விட்டு வழிச்சு நக்கிட்டுத்தான் பிடிச்சேன்."

பிச்சைமணி தலையில் அடித்துக்கொண்டார். பலவேசம் மனசுக்குள் அப்போதே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம் முத்துவடிவு மூன்றாவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். பிச்சைமணிக்குச் சந்தேகம் தட்டியது. அவளுக்கும் சோதித்தார், கழுவின குப்பியில்தான். மருந்து செங்கல் நிறமானது.

கல்யாணத்தன்று கடைசிப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பாயச வாளி வந்ததும் பலவேசம் ரெண்டு கையாலும் இலையை மறைத்தார்.

"ஒமக்குத்தான் ஒண்ணும் இல்லன்னுட்டாவளே, அண்ணாச்சி?" என்றான் பரிமாறினவன்.

"எனக்கு ஊத்தினா மிச்சத்தை இவல்லா திம்பா. நீ போ" என்றார்.

"பாயசத்துல நீரு என்னைக்கு மிச்சம் வச்சீரு?" என்றாள் முத்துவடிவு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.